பென்சிலில் எழுதிய நான்கு கோப்பை

அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆபீஸ் அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. தெருக்காரர்கள் வைத்த பட்டப்பெயர்தான் ஆபீஸ்வரை வந்து ஒட்டிக்கொண்டது: 'எத்தனை அக்கா'. கதவைத் தட்டி, திறந்தவர் "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்டுவிடுவாள். புதிதாகக் குடிவந்தவர்கள் பயந்து போய் "எத்தனை என்னம்மா?" என்பார்கள். "காபிதான், வேறென்ன?" என்பாள், என்னவோ உலகத்தில் எண்ணுவதற்குக் காபி ஒன்றுதான் இருக்கிற மாதிரி.

எங்களுடையது ஒரு மருத்துவ ஆராய்ச்சி ஆபீஸ். ஒரு பெரிய டாக்டருக்கு ஒரு காலத்தில் ஒரு சந்தேகம் வந்தது. காபி குடிக்கிறவர்கள் அதிக நாள் வாழ்கிறார்களா, சீக்கிரம் போய்ச் சேருகிறார்களா? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஊரில் தொள்ளாயிரம் பேரைப் பிடித்து, ஆளுக்கு ஓர் அட்டை போட்டார். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் வீட்டில் போய்ப் பார்த்து, எத்தனை கோப்பை குடிக்கிறார், தூக்கம் எப்படி, படபடப்பு உண்டா, எடை என்ன, ரத்த அழுத்தம் என்ன என்று எழுத வேண்டும். எதுவரைக்கும் என்றால், அந்த ஆள் சாகும்வரைக்கும். கடைசி ஆள் செத்த பிறகுதான் முழு விடை தெரியுமாம். அதுவரை நாங்கள் இருக்க வேண்டுமே என்று நான் கேட்டதற்கு மேலாளர் சிரிக்கவில்லை.

நான் அட்டை அறையில் வேலை பார்த்தேன். உயிரோடு இருக்கிறவர்களின் அட்டை மேல் அலமாரியில். செத்தவர்களின் அட்டையில் 'முடிந்தது' என்று முத்திரை குத்திக் கீழ் அலமாரியில் வைப்பேன். எனக்கு வாய் நீளம், மனிதர்களோடு ஒத்துப்போகாது என்றுதான் அந்த அறைக்குள் தள்ளினார்கள். அட்டைகளோடு சண்டை போட முடியாது என்று நினைத்திருப்பார்கள். போட்டேன்.

வீடு வீடாகப் போகிற வேலை அக்காவுக்கு. நர்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றுவிட்டு இருபத்துநான்கு வயதில் இங்கே சேர்ந்தவள். அவள் தோள்பையில் எடை பார்க்கிற கருவி, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, ஓர் அளவுக் குவளை எல்லாம் இருக்கும். அந்தக் குவளைதான் முக்கியம். வீட்டுக்கு வீடு கோப்பை வேறு அல்லவா? அதனால் அவர்கள் குடிக்கிற கோப்பையிலேயே, குடிக்கிற மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வாள். அதைக் குவளையில் கொட்டி அளந்துகொள்வாள். ஒரு தபால்காரர் "அரை கப்புக்கு மேல தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தாராம். அவர் கப்பை எடுத்துவரச் சொன்னால், குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். "ஆள் சொல்றதை நம்பாதடி, கோப்பை சொல்றதை நம்பு" என்பாள் அக்கா.

அவளுக்குக் காபி ஆகாது. ஒரு வாய் குடித்தாலும் வயிறு எரியும். அவள் கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர், ஆபீஸ் வாசலில் நின்று அடிக்கடி புலம்புவார். "ஊர் முழுக்க யாரு எவ்வளவு காபி குடிக்கறான்னு எண்ணத் தெரியுது. வீட்ல ஒருத்தன் ஒரு காபிக்கு நாக்கைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கான், அது மட்டும் கண்ணுக்குத் தெரியல."

போகிற வீட்டிலெல்லாம் அவளைக் கேட்பார்கள்: "காபி நல்லதா, கெட்டதா?" அவள், "எனக்கென்னம்மா தெரியும், நான் எண்ணறவ" என்று நழுவிவிடுவாள். டாக்டரிடம் நான் கேட்டேன். "மூணு நாலு கப் குடிக்கறவங்க கொஞ்சம் கூடுதலா வாழற மாதிரிதான் நம்ம அட்டைங்க சொல்லுது. ஆனா காபியால நல்லா இருக்காங்களா, நல்லா இருக்கறவங்கதான் காபி குடிக்கறாங்களான்னு சொல்ல முடியல. உடம்பு முடியாதவன் முதல்ல விடறதே காபியைத்தானே?" என்றார். இத்தனை வருடம் படியேறி இறங்கி இதைத்தான் கண்டுபிடித்தோமா என்று கேட்டேன். அதோடு டாக்டர் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு விதி உண்டு. மூன்று முறை போயும் ஆளைப் பார்க்க முடியாவிட்டால், போன வருடம் சொன்ன பதிலையே அட்டையில் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம். அடுத்த வருடம் நேரில் பார்த்து அதைப் பேனாவால் உறுதி செய்ய வேண்டும். அட்டை அதற்கப்புறம் கம்ப்யூட்டருக்குப் போகும். அதற்குப் பென்சிலும் ஒன்றுதான், பேனாவும் ஒன்றுதான்.

ஒரு வருடம் அக்கா ஏதோ ஒரு மாடிப்படியில் உருண்டு கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டு, மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். பதினொரு வீடு பாக்கி. மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும். அந்த வருடம் ஒரு முறைகூடப் போகாத வீடுகள் அவை. "பதினொன்னுதானே அக்கா, பென்சில்ல போட்டு விடுங்க, யாருக்குத் தெரியப் போகுது?" என்று சொன்னது நான்தான். இதை மறைத்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை ஆகிவிடும். அட்டைகளை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனதும் நான், பென்சிலைச் சீவிக் கொடுத்ததும் நான்.

அந்தப் பதினொரு வீட்டில் ஒன்று லிஃப்ட்காரர் வீடு. பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தே காலம் கழித்தவர். குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். அக்கா மூச்சு வாங்க ஏறிப் போனால், "வா வா, லிஃப்ட் இன்னிக்கு ரிப்பேரு" என்பாராம். ஒவ்வொரு வருடமும் அதே ஜோக், ஒவ்வொரு வருடமும் அக்கா சிரிப்பாள். நாளொன்றுக்கு நான்கு கோப்பை: காலை ஆறு, பதினொன்று, மூன்று, மாலை ஆறு. அவர் மனைவி ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு தைத்துக் கொடுக்கிற தையல்காரம்மா. இரண்டு கோப்பை. பிள்ளைகள் கிடையாது. இரண்டு பேருக்குமே எங்களிடம் அட்டை இருந்தது.

'காபி நான்கு. தூக்கம் நன்று. நெஞ்சுவலி இல்லை.' அக்கா காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதினாள். அன்றைக்கு லிஃப்ட்காரர் செத்து இருபது நாள் ஆகியிருந்தது.

அட்டை கம்ப்யூட்டருக்குப் போனால், கம்ப்யூட்டர் தானாகவே ஒரு நன்றிக் கடிதம் அனுப்பும். 'தாங்கள் நலமுடன் இருப்பதை அறிந்து மகிழ்கிறோம். நாளொன்றுக்குத் தாங்கள் அருந்தும் காபி: நான்கு கோப்பை. அடுத்த ஆண்டும் தங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறோம்.' லிஃப்ட்காரர் பெயர் போட்டு, ஆபீஸ் முத்திரையோடு அது அந்த வீட்டுக்குப் போயிற்று.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. அடுத்த வருடம் அக்கா கால் குணமாகி அங்கே போனாள். தையல்காரம்மா கதவைத் திறந்தாள்.

"வாம்மா. அவரு உள்ளதான் இருக்காரு. எழுந்து வர முடியல. நீ என்கிட்டயே கேட்டுக்கோ."

வீட்டில் இருக்கிற இன்னொருவர் பதில் சொல்லலாம் என்று எங்கள் விதி அனுமதிக்கிறது. அக்கா கேட்டாள், அவள் சொன்னாள். நான்கு கோப்பை. அக்கா பென்சிலின் மேல் பேனாவால் எழுதி உறுதி செய்தாள். தையல்காரம்மா எடை அறுபத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு வந்திருந்தது. உள்ளறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. "ஐயா, வரேன்" என்று அக்கா அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

முதல் மாடியில் மூக்குக்கண்ணாடி செய்கிறவர் ஒருவர் குடியிருந்தார். "மூணாவது மாடிக்கா போனீங்க? பாவம் அந்தம்மா. அவரு போனதுல இருந்து ஒத்தையில கிடக்கறாங்க."

"யாரு போனது?"

"என்னங்க இது, வீட்டுக்காரருதான். போன வருஷமே போயிட்டாரே. நானும்தான் கூடப் போய் ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட்டேன்."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எப்படி நடந்து ஆபீஸ் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறக்காமல் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "ஐயையோ, அக்கா! செத்தவரைப் பேனாவால வேற உறுதி பண்ணிட்டீங்களா?" என்று நான் கத்தினேன். கத்தி என்ன பயன்? லிஃப்ட்காரர் அட்டையில் 'முடிந்தது' குத்தி மூடினால், ஏன் ஒரு வருடம் தாமதம் என்று கேள்வி வரும். பென்சில் வெளிவரும். ஒன்று வந்தால் பதினொன்றும் வரும். வேலை போகும். "முதல்ல அந்தம்மாகிட்ட பேசிட்டு வரேன்" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் பதினொரு மணிக்குப் போனாள். "ஐயா போயிட்டாராமே? ஏன்மா எங்கிட்ட சொல்லல?" என்று நேராகவே கேட்டாள்.

தையல்காரம்மா கோபப்படவில்லை. தையல் மிஷினின் இழுப்பறையைத் திறந்து எங்கள் நன்றிக் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். "போயிட்டாருன்னுதான் நானும் நினைச்சேன். அப்புறம் உங்க லெட்டர் வந்துச்சு. நல்லா இருக்காருன்னு போட்டிருந்துச்சு. கவர்ன்மென்ட் மாதிரி சீலு வேற. அதைக் கொண்டுபோய் அவரு நாற்காலிக்கு முன்னால வச்சேன், கைப்பழக்கத்துல காபியும் வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் போய்ப் பார்த்தா கப்பு காலி."

"பூனை இருக்கா வீட்ல?"

"பூனை காபி குடிக்குமா? நீதான் அளக்கறவளாச்சே, அளந்து பாரேன்."

அக்கா அளந்தாள். வேறு யாராக இருந்தாலும் படியிறங்கி ஓடியிருப்பார்கள். நானாக இருந்தால் கதவைத் தாண்டியே போயிருக்க மாட்டேன். இவளோ குவளையை எடுத்தாள். சுடச்சுடக் காபி, நூற்றைம்பது மில்லி. உள்ளறையில் ஒரு மர நாற்காலி, ஒரு சின்ன மேசை, சாத்திய ஜன்னல். வேறு ஒன்றும் இல்லை. கோப்பையை மேசையில் வைத்து, கதவைச் சாத்தி, இரண்டு பேரும் வெளியே உட்கார்ந்தார்கள். தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் இருக்கும். உள்ளே கோப்பையை மேசை மேல் வைக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக, ஒரே ஒரு தடவை.

"குடிச்சிட்டாரு" என்றாள் தையல்காரம்மா, நூலைப் பல்லால் கடித்தபடி.

கோப்பையில் மிச்சம் பன்னிரண்டு மில்லி. அக்கா குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள், காய்ந்து கிடந்தது. கோப்பையின் விளிம்பில் ஓரிடம் மட்டும் ஈரமாக இருந்தது, வாய் வைக்கிற இடம்.

"அந்தம்மாவே குடிச்சிருக்கும் அக்கா" என்றேன் நான்.

"என் பக்கத்துல உக்காந்திருந்தாங்கடி."

அக்காவுக்குப் பொய் வராது. அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அந்தப் பென்சில்தான், அதையும் நான் கற்றுக்கொடுத்தேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "சரி, அவருபாட்டுக்கு நாலு கப் குடிச்சுட்டுப் போறாரு. யாருக்கு நஷ்டம்?" என்றேன். அட்டை மேல் அலமாரியிலேயே இருந்தது.

யாருக்கு நஷ்டம் என்பது அதற்கடுத்த வருடம் தெரிந்தது. லிஃப்ட்காரருக்கு ஆறு கோப்பை ஆகியிருந்தது. தையல்காரம்மா காபியையே விட்டிருந்தாள். "எனக்கெதுக்கும்மா? அவருக்கே பத்தல." எடை ஐம்பத்துமூன்று. ஆஸ்பத்திரித் தையல் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாளாம். அவர் கூப்பிடுகிற நேரத்தில் மிஷினில் உட்கார முடியவில்லை என்றாள்.

நான்காவது வருடம் ஒன்பது கோப்பை. எடை நாற்பத்தேழு. எங்கள் டாக்டர் அவளைக் கூட்டிவரச் சொல்லி ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார். ஒரு நோயும் இல்லை. "நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்றார். அவ்வளவு படித்த படிப்புக்கு இதுதான் வைத்தியம்.

அன்று அட்டை அறையில் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாங்கள் பார்த்தோம். அவர் அட்டையில் கோப்பை ஏறிக்கொண்டே போனது. அவள் அட்டையில் எடை இறங்கிக்கொண்டே போனது. சின்னக் குழந்தைக்கும் புரியும்.

"நம்ம பென்சில்டி இது. நாம எழுதின பென்சில்தான் அந்தம்மாவைத் தின்னுக்கிட்டு இருக்கு."

"மூடிடலாம் அக்கா" என்றேன்.

அக்கா போய் தையல்காரம்மாவிடம் சொன்னாள். மறைத்துச் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை. "அட்டையை மூடிடறேம்மா. நீங்க இப்படியே போனா எழுந்திருக்க மாட்டீங்க."

தையல்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை என்று சொல்ல முடியாது, எலும்புதான். "ஒரு வருஷம் குடு. ஒரே ஒரு வருஷம். நாப்பது வருஷம் அந்த மனுஷன் காலையில போனா ராத்திரி கிரீஸ் கையோட வருவாரு. பேச நேரமிருக்காது. இப்பதான் வீட்ல இருக்காரு." அக்கா சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நான் அவளைத் திட்டித் தீர்த்தேன். "உங்க இரக்கத்துல இடி விழ! அந்தம்மா செத்தா அப்புறம் ரெண்டு அட்டையையும் சேர்த்து மூடுவீங்களா?" என்றேன். அந்த வருடம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை என்று அவள் கணவர் என்னிடம் சொன்னார்.

ஐந்தாவது வருடம் தையல்காரம்மா கதவைத் திறக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். நாற்பத்தொரு கிலோ. அக்கா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அது வேறு எண் காட்டவில்லை. எத்தனை கோப்பை என்று கேட்டதற்கு, "எண்ணறதை விட்டுட்டேம்மா" என்றாள்.

அப்போது உள்ளே வெறும் கோப்பையை மேசையில் தட்டுகிற சத்தம் கேட்டது. டொக், டொக். தையல்காரம்மா சட்டென்று எழப் பார்த்தாள், கால் மடங்கியது. அக்கா அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீங்க இருங்க. நான் போட்டுக் குடுக்கறேன்."

காபி போட்டு எடுத்துக்கொண்டு அக்கா உள்ளறைக்குப் போனாள். இத்தனை வருடத்தில் கோப்பையோடு தனியாக உள்ளே போனது அன்றுதான். அறையில் காபி வாசனையோடு இயந்திர எண்ணெய் வாசனையும் இருந்ததாம். ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி ஓடவில்லை. கோப்பையை வைத்தாள். காபியின் ஆவி நேராக மேலே போயிற்று. பிறகு நாற்காலிப் பக்கமாக வளைந்தது. யாரோ முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, குடிப்பதற்கு முன்னால் வாசனை பிடிக்கிற மாதிரி.

"ஐயா, போதும். அம்மாவால முடியல" என்றாள் அக்கா. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தையல்காரம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு நேராக ஆபீஸுக்கு வந்தாள். மணி மூன்று. லிஃப்ட்காரர் அட்டையை எடுத்து, ஆஸ்பத்திரியில் விசாரித்து வைத்திருந்த தேதியைப் பேனாவால் எழுதி, என் முன்னால் தள்ளினாள்.

"குத்து."

"யோசிச்சீங்களா அக்கா? வேலை போகும்."

"போகட்டும். அந்தம்மா போகக் கூடாது."

முத்திரையைக் கையில் எடுத்தேன். எத்தனையோ அட்டையில் குத்தியிருக்கிறேன், ஒரு தடவையும் யோசித்ததில்லை. அன்று யோசித்தேன். ஒத்துக்கொள்கிறேன், எனக்குப் பயம். யாரோ உயிரோடு இருக்கிற ஆளின் மேல் குத்துகிற மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். முத்திரை கோணலாக விழுந்தது. ஆள் முடிந்தால் குடும்பத்துக்கு இரங்கல் கடிதம் போகும். அதையும் கம்ப்யூட்டரே அனுப்பிவிடும்.

விசாரணை வந்தது. பதினொரு பென்சிலும் வெளியே வந்தது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் கேட்டார். நான் சொல்லித்தான் செய்தாள் என்று அக்கா கடைசிவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாய் நீளம் என்று பேர் வாங்கிய எனக்கு அன்று வாய் எங்கே போயிற்று? இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மூன்று மாதம் அவளை வீட்டில் உட்காரவைத்தார்கள். அவளுக்குப் பதிலாகப் போனவனுக்கு எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் எத்தனை மணிக்குப் போனால் ஆள் இருப்பார் என்று ஒன்றும் தெரியவில்லை. நாலாவது மாதம் அவளையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் தையல்காரம்மாவின் முறை வந்தபோது அக்கா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "தனியாப் போக முடியலடி. சொல்லாம மூடிட்டேன். என் மூஞ்சியில துப்புனாக்கூட வாங்கிக்கணும். ஆனா கதவைத் திறக்க ஆளே இல்லைன்னா?" என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினேன். இந்த ஒரு காரியத்திலாவது அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இருந்தது.

மூன்று மாடி ஏறினோம். அக்கா தட்டினாள். கதவு உடனே திறந்தது.

தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள். குரலில் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. உள்ளறைக் கதவு அகலத் திறந்திருந்தது. தையல் மிஷின் இப்போது அங்கே இருந்தது. எனக்குக் காபி கொடுத்தாள். அக்காவுக்கு ஆகாது என்று நினைவாக வெந்நீர் கொடுத்தாள். அக்கா எடை பார்த்தாள்: ஐம்பது. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. தூக்கம் நன்று.

"ஒரு நாளைக்கு எத்தனைம்மா?" அக்கா அட்டையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒண்ணு. காலையில மட்டும்."

அக்கா எழுதினாள். எழுதிவிட்டு அழ ஆரம்பித்தாள். "மன்னிச்சிடுங்கம்மா. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம..."

"அழாத. உங்க லெட்டர் வரலைன்னா நான் அவருகிட்ட சொல்லியிருக்கவே மாட்டேன்." தையல்காரம்மா மிஷின் மேல் கிடந்த துணியை மடித்துக்கொண்டே பேசினாள். "லெட்டர் வியாழக்கிழமை வந்துச்சு. அவரு உள்ள இருந்து 'யாரு லெட்டரு?'ன்னு கேட்டாரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, எழுத்துக் கூட்டிச் சத்தமாப் படிச்சேன். 'தங்கள் கணவரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்'னு. தேதி எல்லாம் போட்டிருந்துச்சு. படிச்சு முடிச்சேன். அப்புறம், 'அப்படியா?'ன்னு கேட்டாரு."

நான் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தேன்.

"அவருக்குத் தெரியாதும்மா. தூக்கத்துலயே போனவரு. யாரும் அவருகிட்ட சொல்லல. இத்தனை வருஷமா எனக்கும் வாய் வரல."

"கோவப்பட்டாரா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என் வாய் அப்படி.

"இல்ல. கூச்சப்பட்டாரு. 'இத்தனை நாளா உனக்குத் தொந்தரவு குடுத்துட்டேனே'ன்னாரு. அதுக்கப்புறம் கப்பைத் தொடவே இல்ல. வச்சது வச்சபடி ஆறிப் போச்சு. மறுநாள் நானே உள்ரூம் கதவைத் திறந்து வச்சேன். நாலு நாள் அந்த வாசல்லயே நின்னுட்டு இருந்தாரு. 'சரி, இப்ப நான் எங்க போகணும்?'னு கேட்டாரு. எனக்கென்ன தெரியும்? உங்க லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதுல அதெல்லாம் போடல."

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு அக்காவை நேராகப் பார்த்தாள். "இந்த லெட்டரை நீங்க எத்தனையோ பேருக்கு அனுப்பியிருப்பீங்க. உனக்குத் தெரியுமா, எங்க போகணும்னு?"

இருபத்தேழு வருடமாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள் அக்கா. அவளை ஒருவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் என்னைப் பார்த்தாள். நான் திறந்து கிடந்த உள்ளறை வாசலைப் பார்த்தேன்.

"தெரியலம்மா" என்றாள் அக்கா.

"நானும் அதைத்தான் சொன்னேன். 'எனக்குத் தெரியலங்க'ன்னேன். 'சரி விடு, நான் பார்த்துக்கறேன்'னு சொல்லிட்டு, படியைப் பிடிச்சுப் பிடிச்சு மெதுவா இறங்கிப் போயிட்டாரு."